கொச்சியில் கார்த்திகைச் சொக்கப்பனை
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



வருகின்ற கார்த்திகைத் திருநாளில் நம் சங்கத்தின் சார்பில் சொக்கப்பனை கொளுத்துவதா, அதனை விடுத்து வாணவேடிக்கை நடத்துவதா என்னும் வினா ஆட்சிக்குழுவின் முன் நிற்கின்றது. இரு திறத்தாரும் அன்பினால் வாதிடுகின்றனர். முடிவு செய்யுமுன் இவ்விழாவின் வரலாற்றைச் சிறிது எடுத்துரைக்குமாறு தலைவர் அவர்கள் எம்மைப் பணித்தார்கள். யாம் புலவர் அல்லோம். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்து, இருப்புப்பாதை அலுவலகத்தில் கணக்கெழுதுவோர். கற்றாரிடம் கேட்டும் நூல்களைப் புரட்டியும் அறிந்தவற்றையே கூற முற்படுகின்றோம்.

விளக்குத் திருநாள் என்றவுடன் நம் பிள்ளைகள் தீபாவளியையே நினைக்கின்றனர். சங்க நூல்களிலோ தீபாவளியைக் காண்பதற்கில்லை. கார்த்திகை விளக்கீடு உண்டு. அகநானூற்றின் 141ஆம் பாட்டு நக்கீரர் பாடியது. மழை ஓய்ந்து தெளிந்த வானம். நிறைமதியுடன் அறுமீனாகிய கார்த்திகை சேரும் இரவு. தெருவெங்கும் விளக்கேற்றி, மாலை தொங்கவிட்டு, பழைய ஊரில் மக்கள் பலரும் கூடி எடுக்கும் விழா. இவ்வளவும் அப்பாட்டில் உள்ளன. எம் நெஞ்சைத் தொட்டது மற்றொன்று. பொருள் தேடிப் பிரிந்து போன தலைவன் இவ்விழாவை உடனிருந்து கொண்டாட வந்து சேரட்டும் என்று ஏங்கும் தலைவியின் கூற்றாகவே அப்பாட்டு அமைந்துள்ளது. பிழைப்பின் பொருட்டு ஊரைவிட்டு வந்த நமக்கும் இவ்விழாவுக்கும் உள்ள உறவு அத்துணைப் பழமையானது. கேரளத்தில் கார்த்திகைக்கு அலுவலக விடுமுறை இல்லை. வேலைமுறைப் பட்டியலில் அன்று இரவுப்பணி விழுந்தவர் வீட்டில், மனைவியும் மக்களுமே விளக்கேற்றுகின்றனர். அவ்வில்லத்தார் அப்பாட்டை உரையின்றியே உணர்வர்.

ஏழாம் நூற்றாண்டினரான திருஞானசம்பந்தர் மயிலாப்பூரில் பாடிய பூம்பாவைத் திருப்பதிகத்தையும் காண்க. அவ்வூர்த் திருவிழாக்களை வரிசையாகக் கூறும் அவர், ஐப்பசி ஓணத்தை ஒரு பாட்டிலும், கார்த்திகை விளக்கீட்டை அதற்கடுத்த பாட்டிலும் வைத்துள்ளார். ஓணம் மலையாளிகளுடையது, கார்த்திகை தமிழருடையது என்று நாம் இன்று பங்கிட்டுப் பேசுகின்றோம். அன்று மயிலைத் தெருவில் இரண்டும் ஓரூர் மக்களின் விழாக்களே!

இனிச் சொக்கப்பனைக்கு வருவோம். கோயிலின் முன் பனைமரத் துண்டொன்றை நட்டு, அதனைச் சுற்றிக் காய்ந்த பனையோலைகளைக் கூம்புபோல் உயரக் கட்டுவர். அந்தியில் கோயில் விளக்கிலிருந்து தீ கொணர்ந்து கொளுத்துவர். சிவபெருமான் முப்புரம் எரித்ததன் நினைவு என்பர் சைவர். திருமால் கோயில்களிலும் இது நிகழ்கின்றது. திருவரங்கத்துச் சொக்கப்பனை பெயர்பெற்றது. எரிந்த கரியையும் சாம்பலையும் உழவர் எடுத்துச் சென்று வயலில் இடுவர். பனையோலை பற்றும்போது எழும் படபடவென்னும் ஒலியே ஒரு வெடிமுழக்கம் போன்றது. இங்கு நாம் இதுவரை தென்னங்கீற்றையே கட்டி வந்தோம். அது புகைவது மிகுதி, எரிவது குறைவு என்பதை மறைப்பானேன்? வாணவேடிக்கை வேண்டும் என்னும் குரல் எழுந்ததற்கு அப்புகையும் ஒரு காரணம் என்று ஐயுறுகின்றோம்.

வேடிக்கை கேட்கும் இளைஞர்க்குப் பனைமரமே ஒரு வேடிக்கையை வைத்திருக்கின்றது. அதுதான் மாவலி. ஆண்பனையின் பூங்கதிர்களை உலர்த்திக் குழியிலிட்டு எரிப்பர். சாம்பலாகிப் போகுமுன் மண்ணால் மூடி அணைத்துக் கரியாக்குவர். அக்கரியை நன்றாகப் பொடித்துச் சலித்து, பருத்தித் துணியில் நீளமாகச் சுருட்டி இறுகக் கட்டுவர். பிளந்த பனைமட்டைத் துண்டுகள் மூன்றின் நடுவே அதனைப் பொருத்தி, நீண்ட கயிறு பிணைத்து, நுனியில் நெருப்பிட்டுத் தலைக்குமேல் சுழற்றினால், பொன்வட்டம் போலப் பொறிகள் சொரியும். காற்றுப் படப்படக் கரித்துகள்கள் கனன்று சிதறுவதே இதன் இயக்கம். கந்தகம் இல்லை, வெடியுப்பு இல்லை, ஓசையும் இல்லை. சுற்றும்போது சிறுவர் "மாவலியோ மாவலி" என்று கூவுவர். ஓணத்தன்று மலையாள மக்கள் எதிர்கொண்டு அழைக்கும் மாவேலி மன்னனோடு இப்பெயரை இணைத்துக் கூறுவாரும் உளர். எம் சிற்றூரில் மாவலி சுற்றாத சிறுவன் இலன்; மட்டாஞ்சேரியில் பிறந்த நம் பிள்ளைகளுள் அதனைக் கண்டவரே சிலர்.

இவ்விழாவை இந்நாட்டார் அயலாகக் கருதுவர் என்று தயங்க வேண்டுவதில்லை. நம் கார்த்திகைத் திங்களே அவர்களுடைய விருச்சிகம். திருக்கார்த்திகையன்று மலையாள இல்லங்களில் வாழைத்தண்டு நட்டு அகல் வைக்கின்றனர்; கிழங்குகளைச் சேர்த்துப் புழுக்கு ஆக்குகின்றனர். நம் வீடுகளில் பொரியுருண்டை. நாகர்கோவில் பக்கத்தாரிடம் பனையோலைக் கொழுக்கட்டை. கோட்டயத்தை அடுத்த குமாரநல்லூர் பகவதி கோயிலில் அந்நாள் பெருவிழா. நீரேற்றுப்புறத்தில் உள்ள சக்குளத்துக்காவிலோ, உயர்ந்த மரத்தில் வாழைச்சருகும் ஓலையும் பழந்துணியும் சுற்றிக் கார்த்திகைத் தம்பம் என்று பெயரிட்டு அந்தியில் எரிக்கின்றனர். சொக்கப்பனைக்கு இதனினும் நெருங்கிய உடன்பிறப்பு வேறு உண்டோ? நம் கோட்டைக் கொச்சியிலும், 1980களில் தொடங்கிய கொச்சித் திருவிழாவின் முடிவில், டிசம்பர் 31 நள்ளிரவில் பப்பாஞ்ஞி என்னும் கிழவனின் உருவத்தை எரித்துப் புத்தாண்டை வரவேற்கின்றனர். குஜராத்தியர் ஹோலிக்குத் தீ மூட்டுகின்றனர். தீயைச் சுற்றி நின்று மகிழும் பழக்கம் இவ்வூர்க்குப் புதிதன்று.

தீயால் வந்த துன்பமும் இவ்வூர்க்குப் புதிதன்று. 1889 சனவரி 4ஆம் நாள் இங்குள்ள கல்வத்திப் பகுதியில், ஒரு கப்பலில் பற்றிய நெருப்பு கரையிலும் பரவிப் பண்டகசாலைகளையும் வீடுகளையும் அழித்தது. 2016 ஏப்பிரல் 10ஆம் நாள் கொல்லம் மாவட்டம் பரவூர்ப் புற்றிங்கல் கோயிலில் வாணவேடிக்கைக்கென வைத்திருந்த வெடிகள் தீப்பற்றி, நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். சுக்கும் மிளகும் கயிறும் அடைந்த கிடங்குகளுக்கு நடுவே, இரண்டு வண்டிகள் விலக இயலாத தெருக்களில் வாழும் நாம், வாணவெடியை நினைப்பதும் தகாது என்பது எம் துணிபு. ஆட்சிக்குழுவில் யார் மனம் வருந்தினும் இதனைச் சொல்லாதிருக்க இயலவில்லை. "அஞ்சினால் சொக்கப்பனையும் வேண்டாவே" என்று ஓர் அன்பர் கேட்டார். ஓலை நின்ற இடத்தில் எரிவது; வாணம் எங்கு விழும் என்று விட்டவனும் அறியான். அளவும் இடமும் வரையறுத்துக்கொண்டால் ஓலைத்தீயைக் காக்கலாம்.

வரையறை செய்வதால் விழா சிறுத்துவிடாது. 2024 டிசம்பர் 1ஆம் நாள் திருவண்ணாமலையில் மண் சரிந்து எழுவர் உயிரிழந்தனர். அதே திங்கள் 13ஆம் நாள் தீபத்தின்போது மக்கள் மலையேறத் தடை விதிக்கப்பட்டது. ஆயினும் 2,668 அடி உயர மலையுச்சியில் கொப்பரையில் தீபம் ஏறியது. மக்கள் அடிவாரத்தில் நின்று தொழுதனர்.

ஆதலின் எம் வேண்டுகோள் இது. சொக்கப்பனை பத்தடிக்கு மேற்படாது, கிடங்குகளுக்கு அப்பாலுள்ள திறந்த திடலில் நடுவோம். தீயணைப்பு நிலையத்தார்க்கு முன்னரே எழுதி அறிவிப்போம். நீர்த்தொட்டிகளும் மணல்வாளிகளும் வைத்து, சுற்றிலும் கயிறு கட்டி, முதியோர் நால்வர் காவல் நிற்கட்டும். தென்னங்கீற்று இவ்வாண்டு வேண்டா. பாலக்காட்டுப் பக்கம் கரிம்பனை நிறைய உண்டு; ஓலையும் பூங்கதிரும் அங்கிருந்து கொணரும் பொறுப்பை யாம் ஏற்கின்றோம். அண்டை வீட்டு மலையாள, கொங்கணி, குஜராத்தி அன்பர்களை ஒவ்வொரு குடும்பத்தாரும் நேரிற் சென்று அழைத்தல் வேண்டும்.

கார்த்திகைக்கு முந்திய ஞாயிறு காலையில் திடலில் குழி வெட்டிக் கரி சுடுவோம். மாவலி கட்டத் தெரிந்த பெரியோர் தவறாது வருக. பிள்ளைகள் ஆளுக்கொரு முழம் பழைய பருத்தித் துணி கொண்டு வருதல் வேண்டும்; நைலான் துணி உருகிக் கையில் ஒட்டுமாதலால் அதனை வீட்டிலேயே விட்டு வருக.