காதுக்கு ஒன்று, கண்ணுக்கு இரண்டு

ஆங்கிலத்தைச் சொல்லக் கேட்டு எழுதுவோர் காதை மட்டும் நம்புதல் ஆகாது. 'செஷன்' என்று ஒருவர் சொல்கிறார். 'எஸ்' என்னும் எழுத்தில் தொடங்கினால் அது பாராளுமன்றக் கூட்டத் தொடர். 'ஸி'யில் தொடங்கினால், நிலப்பகுதியைப் பிற நாட்டிற்கு விட்டுக்கொடுத்தல். பேருபாரிப் பகுதியைப் பாகிஸ்தானுக்கு அளிப்பது பற்றி 1960-இல் சுப்ரீம் கோர்ட்டு கருத்துரைத்தபோது, அரசியல் சட்டத்தைத் திருத்தாமல் அது இயலாது என்றது. அவ்வாண்டே ஒன்பதாவது திருத்தமும் நிறைவேறிற்று. அச்செய்தியைத் தமிழாக்குவோர் முதலெழுத்தைத் தவறாகக் கொண்டால், நிலம் போய்க் கூட்டம் வந்து சேரும்!

இவ்விடர் எங்ஙனம் நேர்ந்தது? 1476-இல் காக்ஸ்டன் என்பார் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் நிறுவினார். அச்சு, சொற்களின் எழுத்துக்களை மெல்ல மெல்ல நிலைநிறுத்திற்று. மக்களின் நாவோ நிற்கவில்லை. வீரனைக் குறிக்கும் 'நைட்' என்னும் சொல்லின் முன்னுள்ள 'கே' ஒரு காலத்தில் ஒலிக்கப்பெற்றதே. இன்று அது வாய் திறவாமல் நின்று, 'இரவு அன்று நான்' என்று கண்ணுக்கு மட்டும் சொல்கிறது.

காரியாலயங்களில் வழங்கும் 'ஸ்டேஷனரி'யின் கதை சுவையானது. ஊர் சுற்றாமல் ஓரிடத்தில் கடைபோட்டுப் புத்தகம் விற்றவரே இடைக்காலத்து 'ஸ்டேஷனர்'. எனவே எழுதுபொருளும் அசையாமையும் ஒரு தாய் மக்கள். 'ஈ', 'ஏ' என்னும் ஓரெழுத்தே அவற்றைப் பிரிக்கிறது. தாளும் மையும் வேண்டி எழுதும் கடிதத்தில் 'ஏ' புகுந்தால், அசையா நிலையை அனுப்பக் கோரியதாக முடியும். சில காரியாலயங்களில் அது கேளாமலே கிடைக்கும்.

நேயர்களே, நம் மொழியிலும் இது இல்லாமல் இல்லை. அரம், அறம் என்பவற்றைத் தமிழ்நாட்டிலேயே பலர் ஒன்றுபோல் ஒலிக்கின்றனர். எழுத்தே அங்கே காவல். டில்லியிலும் கொல்கத்தாவிலும் வளரும் நம் குழந்தைகள் நிலை இன்னும் இக்கட்டானது. இந்தியில் ளகரமும் ழகரமும் இல்லை. ஆதலால் கலை, களை, கழை மூன்றும் அவர்கள் நாவில் ஒன்றாகிவிடுகின்றன. ஆங்கிலேயருக்கு ஒலி போனாலும் எழுத்து எஞ்சியது. நம் பிள்ளைகள் பலருக்கோ தமிழ் எழுத்தே தெரியாது. பேச்சில் போன வேறுபாடு முற்றும் போனதே.

நம் வீடுகளில் சிலவற்றில் இரவு உணவிற்குப்பின் கால்மணி நேரம் சொல்லி எழுதச் செய்கிறோம். தனிச் சொல்லாக அன்று, தொடராகவே சொல்கிறோம்: 'வயலில் களை பறித்தார்கள்', 'கழை ஊன்றிக் கயிற்றின்மேல் நடந்தான்'. ஆங்கிலத்திற்கும் இம்முறையே பயன்படுகிறது. முதல் மாதம் பிழைகள் மிகுதி. ழகரம் வந்தபின் அதைத் தேவையற்ற இடங்களிலும் தாராளமாகப் போடுகிறார்கள். போடட்டும்.