பொதிகையின் உச்சி



பொதிகை என்றதும் சந்தனமும் தென்றலும் நம் நினைவுக்கு வரும். முப்பதாண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் அவ்வாறே பாடஞ்சொன்னவன் நான். 1994ஆம் ஆண்டுதான் அம்மலையில் ஏறும் பேறு கிட்டியது. சென்ற வழியில் ஒரு சந்தனமரமும் என் கண்ணிற்படவில்லை என்பதை மறைக்காமற் கூறிவிடுகிறேன்.

அகத்தியர் கூடம் என வழங்கும் அம்முடி 1868 மீட்டர் உயரமுடையது. பாபநாசத்தின் பக்கமிருந்து செல்லும் வழி இப்போது யாத்திரிகர்களுக்குத் திறக்கப்படுவதில்லை. திருவனந்தபுரத்தை அடுத்த போணக்காட்டிலிருந்து கேரள வனத்துறையின் அனுமதி பெற்றே செல்லவேண்டும். முதல்நாள் ஆறுகளைக் கடந்து, அடர்ந்த காட்டிலும் வெயில் காயும் புல்வெளியிலும் நடந்து அதிருமலையில் தங்குகிறோம். இடையிலே ஓர் ஏற்றத்திற்கு முட்டிடிச்சான் என்று பெயர். ஏறுபவனுடைய முழங்கால் அவன் முகத்தில் இடிக்குமாம்! பெயரிட்டவர் ஏறிப்பார்த்தவராகத்தான் இருக்கவேண்டும்.

மறுநாள் ஈற்றைக்காடு. அதனைக் கடந்தால் வெறும் பாறை. பாறை விளிம்புகளில் வரைக்கமுகு மெலிந்து நிற்கும். செங்குத்தான இடங்களில் கயிற்றைப் பற்றித்தான் ஏறவேண்டும். உச்சியில் கோபுரமில்லை, மண்டபமில்லை. வானமே கூரையாக அகத்திய முனிவர் சிலையுருவில் எழுந்தருளியிருக்கிறார். மூடுபனி விலகிய சிறுபொழுதில் மேற்கே நெய்யாற்று நீர்த்தேக்கமும், கிழக்கே ஐந்தலைப் பொதிகையும் தெரிந்தன. மேற்சரிவின் நீர் நெய்யாறாய் அரபிக்கடலைச் சேர்கிறது; கீழ்ச்சரிவின் நீர் பொருநையாய் நம் நெல்லைச் சீமையை விளைவித்து மன்னார் வளைகுடாவை அடைகிறது. நாம் உண்ணும் சோறு அந்தக் காட்டின் ஈரம், ஐயா! 2,000க்கும் மேற்பட்ட தாவரவகைகள் வாழும் அவ்வனப்பரப்பினை 2016ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக உயிர்க்கோளக் காப்பகங்களுள் ஒன்றாக ஏற்றது.

என் இல்லாளும் தமிழாசிரியை. 1994இல் அவளும் வர விரும்பினாள். பெண்டிர் ஏறுதல் கூடாது, முனிவர் பிரமசாரி என்றார்கள். "உலோபாமுத்திரை யாருடைய மனைவி? புராணம் படித்த நீங்கள் சொல்லுங்கள்" என்று அவள் கேட்டாள். விடை சொல்லாமல் மூட்டையைக் கட்டிக்கொண்டு நான் மட்டும் புறப்பட்டேன். அந்த மௌனம் இன்றளவும் என்னை உறுத்துகிறது.

2018 நவம்பரில் கேரள உயர்நீதிமன்றம் அத்தடையை விலக்கியது. 2019 ஜனவரியில் பெண்கள் ஏறினர். அப்போது என் மனைவிக்கு முழங்கால் தேய்ந்து, எங்கள் தெருக்கோயிற் படியே அவளுக்கு மலையாகிவிட்டது. செய்தித்தாளைப் படித்துக் காட்டினேன். "சரி" என்றாள், வேறொன்றும் சொல்லவில்லை.

2024இல் கல்லூரியிற் பயிலும் எங்கள் பேத்தி சென்றுவந்தாள். நெகிழிப்பை ஒன்றையும் மலைக்குக் கொண்டுபோகக்கூடாது, ஓர் இலையையும் கிள்ளக்கூடாது என்று நான் சொல்லியனுப்பினேன். அவள் ஆச்சி கேட்டது வேறு. திரும்பி வந்தவளை அருகே அமர்த்திக்கொண்டு, "உச்சியிலே எவ்வளவு நேரம் இருந்தாய்?" என்றாள்.

"அரைமணி நேரம், ஆச்சி. பதினைந்து நிமிடம் எனக்கு, மிச்சம் உங்களுக்கு."

அன்றிரவு அவ்விருவரும் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை. நான் திண்ணையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.