டர்பனும் மீனாட்சிபுரமும்

சாரல் நேரத்தில் ஐந்தருவிக்குப் பக்கத்தில் மேடை போட்டு நிறவெறியைப் பற்றிப் பேசச் சொன்னால், பேசுகிறவன் பாடு திண்டாட்டம்தான். குளிக்கப் போகிறவர்கள் தாராளமாகப் போகலாம். நான் சுருக்கமாகவே முடிக்கிறேன்.

நிறவெறி என்றதும் வெள்ளையரைச் சொல்வோம். சொல்லத்தான் வேண்டும். ஆனால் அவர்களிடம் மிதிபட்ட இரண்டு கூட்டத்தார் ஒருவரை ஒருவர் எப்படி நடத்தினார்கள் என்பது யாரும் கேட்க விரும்பாத கேள்வி. தென்னாப்பிரிக்காவில் நம்மவர்களின் பழைய தலைமை இந்தியருக்கு மட்டுமே சலுகை கேட்டது. காந்தியடிகளே தம் தொடக்க ஆண்டுகளில் இந்தியரைக் கறுப்பரோடு சேர்த்து வைக்காதீர்கள் என்று வாதாடியவர்தான்.

1945இல் நேட்டால் இந்தியக் காங்கிரசின் தலைமைக்கு வந்த மான்டி நாயக்கர் இந்த வழக்கத்தை உடைத்தார். 1947 மார்ச் 9 அன்று அவரும், டிரான்ஸ்வால் இந்தியரின் தலைவர் யூசுப் தாதூவும், ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசின் தலைவர் சூமாவும் சேர்ந்து போராட ஒப்பந்தம் செய்தார்கள். மூவரும் மருத்துவர்கள்; அதனால் 'டாக்டர்கள் ஒப்பந்தம்' என்றே அதற்குப் பெயர் நிலைத்தது.

இரண்டு ஆண்டுகூட முழுதாகவில்லை. 1949 ஜனவரி 13 அன்று டர்பனில் இந்தியக் கடைக்காரர் ஒருவர் ஆப்பிரிக்கச் சிறுவனை அடித்தார். இந்தியருக்கு எதிரான கலவரத்தில் ஊர் பற்றி எரிந்தது. அரசுக் கணக்கில் 142 பேர் மாண்டார்கள்; அவர்களில் ஆப்பிரிக்கர் 87, இந்தியர் 50. அந்த அடி ஒரு சாக்குதான். கடைக் கல்லாவிலும் பேருந்திலும் வாடகை வாங்கும் வாசலிலும் ஆப்பிரிக்கர் அன்றாடம் பார்த்தது இந்திய முகத்தை. பிரித்துவைத்துச் சட்டம் எழுதிய வெள்ளையர் கண்ணில் படவே இல்லை. ஒப்பந்தத்தைக் கைகழுவ நாயக்கருக்கு இதைவிட நல்ல காரணம் வாய்த்திருக்காது. அவர் கைகழுவவில்லை. நிறவெறிச் சட்டங்களை எதிர்த்து நடந்த 1952 இயக்கத்தில் ஆப்பிரிக்கத் தொண்டர்களோடு சேர்ந்து சட்டத்தை மீறிச் சிறைக்குப் போனார். துக்கம் ஆறாத சொந்த சனத்திடம் போய், ஆப்பிரிக்கரோடு சேர்ந்து நில்லுங்கள் என்று கேட்பதற்கு, வெள்ளையனை எதிர்ப்பதைக் காட்டிலும் நெஞ்சுரம் வேண்டும்.

1946இல் தென்னாப்பிரிக்காவில் இந்தியர் நடத்தப்படும் விதத்தை இந்தியா ஐ.நா. சபைக்குக் கொண்டுபோனது. அது எங்கள் உள்நாட்டு விவகாரம் என்றது தென்னாப்பிரிக்கா. 2001இல் அதே டர்பனில் ஐ.நா.வின் இனவெறி எதிர்ப்பு மாநாடு. சாதியையும் சேருங்கள் என்று தலித் அமைப்புகள் கேட்டன. சாதி இனவெறி ஆகாது, அது உள்நாட்டு விவகாரம் என்றது இந்திய அரசு. பதிலைக் கடன் வாங்கிவிட்டோம்!

அந்த உள்நாட்டு விவகாரம் எப்படிப்பட்டது என்று பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். இங்கிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம், மீனாட்சிபுரம். 1981 பிப்ரவரியில் அங்கே ஏறத்தாழ 180 தலித் குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவின. தீண்டாமை தாளாமல் மாறினோம் என்றார்கள். தலைவர்கள் கார் காராக வந்து இறங்கி, ஏன் மாறினீர்கள் என்று அவர்களைக் கேட்டார்கள். நீங்கள் அவர்களை எப்படி நடத்தினீர்கள் என்று பக்கத்துத் தெருவில் கேட்டவர்கள் மிகக் குறைவு. மான்டி நாயக்கரைப் போல் ஒருவர் அன்று நம்மிடம் இல்லை.

இங்கே வந்திருக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். டர்பனையும் மீனாட்சிபுரத்தையும் ஒரே வாரத்தில் பாடமாக நடத்துங்கள். பிறகு பிள்ளைகளை மீனாட்சிபுரத்துக்கு அழைத்துப்போய், அங்குள்ள பெரியவர்களைப் பேசச் சொல்லிக் கேட்க வையுங்கள்.