சிறு சொல் செய்யும் பெரிய மாற்றம்

சில ஆண்டுகளுக்கு முன் எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் வேலையொன்றுக்கு விண்ணப்பித்திருந்தார். நேர்முகப் பரீட்சைக்கு முதல் நாள் தொலைபேசியில் ஆங்கிலத்திலே தகவல் வந்தது. பரீட்சை 'புட் ஓஃப்' என்றார்கள். விளக்கை 'ஓஃப்' பண்ணினால் அணைந்துவிடுகிறது அல்லவா? பரீட்சையும் அப்படியே இல்லாமற் போயிற்று என்று அவர் எண்ணிக்கொண்டார். புதிய திகதியைக் கேட்கத் தோன்றவில்லை. உண்மையில் அது ஒத்திவைக்கப்பட்டிருந்தது. ரத்துச் செய்திருந்தால் 'கோல் ஓஃப்' என்றிருப்பார்கள். அடுத்த கிழமை பரீட்சை நடந்தபோது அவர் வீட்டில் இருந்தார். வேலை வேறொருவருக்குப் போயிற்று.

வினைச்சொல்லோடு 'ஓஃப்', 'அப்', 'இன்' போன்ற சிறு சொல்லொன்று சேர்ந்து புதுப்பொருள் தருவதையே 'பிரேசல் வேர்ப்' என்கிறார்கள். 'கிவ்' என்றால் கொடு. ஆனால் 'கிவ் அப்' என்றால் கைவிடு. 'கிவ் இன்' என்றால் பணிந்துபோ. 'கிவ் அவே' என்றால் இலவசமாகக் கொடு, அல்லது இரகசியத்தை வெளிவிடு. அகராதியில் இரு சொற்களையும் தனித்தனியே பார்த்துக் கூட்டினால் இந்தப் பொருள்கள் வரமாட்டா. 1755இல் தமது ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜோன்சன், பிறமொழியாளருக்கு மிகப் பெரிய இடர்ப்பாடு இதுவே என்று அதன் முன்னுரையிலே குறிப்பிட்டார்.

ஆனால் நேயர்களே, இது நமக்குப் புதுமையானதா? 'கூட்டத்தைத் தள்ளிப்போட்டார்கள்' என்கிறோம். தமிழ் படிக்கும் வெள்ளைக்காரர் ஒருவர் இதைச் சொல்லுக்குச் சொல் பொருள் கொண்டால், சனத்தைப் பிடித்துத் தள்ளி விழுத்தினார்கள் என்றல்லவா நினைப்பார்! 'விட்டுக்கொடு' என்பதில் நாம் எதையும் கையால் எடுத்துக் கொடுப்பதில்லை. 'பிள்ளையைப் பார்த்துக்கொள்' என்றால் கண்ணால் பார்ப்பதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. இதையே ஆங்கிலேயர் 'லுக் ஆஃப்டர்' என்கிறார்கள். 'ஈட் அப்', 'யூஸ் அப்' என்பவற்றில் வரும் 'அப்' மேலே என்ற பொருளைத் தருவதில்லை. 'சாப்பிட்டுவிடு', 'முடித்துவிடு' என்பவற்றில் வரும் நமது 'விடு'வைப் போல, செயல் முற்றாக நிறைவேறுவதையே அது காட்டுகிறது. எல்லா 'அப்'பும் அப்படியல்ல என்பதையும் மறக்கக் கூடாது. 'லுக் அப்' என்றால் அகராதி போன்ற நூலில் தேடிப் பார்.

எனவே இத்தொடர்களைப் பிரிக்காமல் ஒரே சொல்லாகவே கொள்ள வேண்டும். எதைப் பற்றிப் பேச்சு என்பதையும் கவனிக்க வேண்டும். என் குரல் உரத்துக் கேட்டால் வானொலியின் ஒலியைக் குறைப்பீர்கள். அது 'டேர்ண் டவுன்'. உங்கள் விண்ணப்பத்தை ஒருவர் நிராகரித்தால் அதுவும் 'டேர்ண் டவுன்'தான். ஒரு தொடரைக் கேட்டால் அது வந்த வாக்கியத்தோடு சேர்த்துக் கொப்பியில் எழுதிவைப்பது நல்லது. தனியே எழுதிய சொல் மறந்துபோகும். வாக்கியம் நினைவில் நிற்கும்.

அந்த இளைஞர் பின்னர் வேறு வேலை தேடிக்கொண்டார். 'புட் ஓஃப்' என்ற தொடரை அவர் இனி ஒருபோதும் மறக்கமாட்டார். அந்த விலை கொடுக்காமலே நாமும் அதைக் கற்றுக்கொள்ளலாம். விளங்காத தொடரைக் கேட்டால், 'அப்படியென்றால் என்ன?' என்று மறுபடி கேட்பதில் வெட்கமில்லை.