ரோமக் காசு கையில கிடைச்சா முதல்ல என்ன கேட்கணும்?

இன்னைக்கு நம்ம பேசப்போறது பழைய காசு. ரோமக் காசு, கிரேக்கக் காசு. "அதுக்கும் திண்டுக்கல்லுக்கும் என்ன சம்பந்தம்?"னு கேட்பீங்க. இருக்கு. பழனிக்குப் பக்கத்துல கலையம்புத்தூர்ல 1856-லேயே ரோமத் தங்கக் காசுகள் புதையலா கிடைச்சிருக்கு. திண்டுக்கல் பக்கம் ஓடுற குடகனாறும், பழனிப் பக்கம் ஓடுற சண்முகநதியும் அமராவதியில போய்ச் சேருது. அந்த அமராவதிக் கரையிலதான் கரூர் இருக்கு. அங்க ஆத்து மணல்ல ரோமச் செப்புக் காசுகள் ஏராளமா கிடைச்சிருக்கு.

சரி, ஒரு காசு உங்க கைக்கு வருது. ரோமக் காசுதானான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

முதல்ல எடை. தமிழ்நாட்டுல அதிகமா கிடைக்கிற ரோம வெள்ளிக் காசுக்குப் பேரு தினாரியஸ். நல்ல நிலையில இருந்தா நாலு கிராமுக்குக் கொஞ்சம் குறைவா இருக்கும். நம்ம ஒரு ரூபாய் நாணயத்தை விட அகலம் குறைவு, தடிமன் அதிகம்.

அடுத்தது படம். அகஸ்டஸ் காசுன்னா ஒரு பக்கம் அவரோட தலை. மறுபக்கம் ரெண்டு இளைஞர்கள் நிப்பாங்க, நடுவுல கேடயமும் ஈட்டியும் இருக்கும். அந்த இளைஞர்கள் கயஸ், லூசியஸ், அதாவது அகஸ்டஸ் தத்தெடுத்த பேரன்கள். திபேரியஸ் காசுன்னா மறுபக்கம் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாங்க. இந்த ரெண்டு வகையும்தான் நம்ம ஊர்ப் புதையல்கள்ல ரொம்ப அதிகம். கி.பி. 64 வாக்குல நீரோ வெள்ளிக் காசோட எடையையும் தரத்தையும் குறைச்சார். அதுக்குப் பிந்தைய வெள்ளிக் காசு இங்க ரொம்பக் குறைவாத்தான் கிடைக்குது. நம்ம வியாபாரிங்க வெள்ளியோட தரம் பார்த்துத்தான் வாங்கியிருக்காங்கன்னு இதை வச்சு ஆய்வாளர்கள் சொல்றாங்க.

மூணாவது எழுத்து. லத்தீன்ல 'யு' வர்ற இடத்துல 'வி' மாதிரி வெட்டியிருப்பாங்க. கிரேக்க எழுத்து இருந்தா, அது கிழக்கு மாகாண நகரம் ஒண்ணுல அடிச்ச காசா இருக்கலாம், இல்லைன்னா ரோமுக்கு முந்தைய கிரேக்கக் காசா இருக்கலாம். எழுத்தே இல்லாம வெறும் கோடு கோடா இருந்தா உடனே "போலி"ன்னு தூக்கிப் போட்டுடாதீங்க. அந்தக் காலத்துலயே ரோமக் காசைப் பார்த்து இங்க அடிச்ச நகல்கள் இருக்கு. அதுவும் வரலாறுதான். இன்னைக்கு அச்சுல வார்த்த போலி வேற. அதோட விளிம்புல ஒட்டுக்கோடு தெரியும், மேல சின்னச் சின்னக் குமிழ் ஓட்டைகள் இருக்கும்.

இதெல்லாம் பழகினா வந்துடும். ஆனா எல்லாரும் முதல்ல கேட்கிறது "என்ன விலை போகும்?" கேட்க வேண்டியது "எங்க கிடைச்சது?"

ஏன்னு சொல்றேன். ரோட்ஸ் தீவோட சின்னச் செப்புக் காசு ஒண்ணு ரோட்ஸ்ல கிடைச்சா பெரிய செய்தி இல்ல. அதே காசு கரூர்ல கிடைச்சா, அந்தக் கடல் வணிகத்தோட கை இங்க வரைக்கும் நீண்டிருக்குன்னு அர்த்தம். தினமலர் ஆசிரியரா இருந்த நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி, கரூர்ல கிடைச்ச கிரேக்கக் காசுகளைப் பத்தி ஒரு தனிப் புத்தகமே எழுதினார். அந்தக் காசுகளோட மதிப்பே 'கரூர்' என்கிற அந்த ஒரு வார்த்தையிலதான் இருக்கு. அதை அழிச்சுட்டா மிச்சம் ஒரு செப்புத் துண்டு.

புதுக்கோட்டைப் பக்கம் 1898-ல 501 தங்கக் காசு மொத்தமா கிடைச்சது. அதுல பெரும்பாலான காசுகள்ல பேரரசர் முகத்து மேல வெட்டு விழுந்திருக்கு. செல்லாக் காசாக்க வெட்டினாங்களா, தங்கத்தைச் சோதிக்க வெட்டினாங்களா? இன்னைக்கு இந்தக் கேள்வியைக் கேட்க முடியுதுன்னா, எல்லாம் ஒண்ணா கிடைச்சதுன்னு யாரோ எழுதி வச்சதாலதான். தனித்தனியா நகைக்கடைக்குப் போயிருந்தா அந்தக் கேள்வியே உருகியிருக்கும்.

இப்போ சட்டம். 1878-ல வந்த புதையல் சட்டப்படி, மண்ணுல மறைஞ்சு கிடந்து எடுத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல மதிப்புன்னா கலெக்டருக்குத் தெரிவிக்கணும். மறைச்சா தண்டனை உண்டு. அரசு எடுத்துக்கிட்டா உலோக மதிப்பும், அதுக்கு மேல ஐந்துல ஒரு பங்கும் தரும். சந்தை விலையோட ஒப்பிட்டா இது ரொம்பக் குறைவு. அதனாலதான் பலரும் வாயைத் திறக்கிறதில்ல. இந்தச் சட்டத்தை மாத்தணும்னு பேசலாம், பேசணும். ஆனா அதுவரைக்கும் காசை உருக்கிட்டா, அதுக்கப்புறம் எந்தச் சட்டம் வந்தும் அதைத் திருப்பித் தராது. 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசு தொல்பொருள். தனி ஆள் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது.

சேகரிக்க ஆசைன்னா இப்படித் தொடங்குங்க. புளி, எலுமிச்சை போட்டுத் தேய்க்காதீங்க. மேல படிஞ்ச பச்சைப் படிவம்தான் செப்புக் காசுக்குக் காப்பு. ரெண்டு பக்கமும் போட்டோ, எடை, அகலம், கிடைச்ச ஊர், யார் கொடுத்தாங்க, எந்தத் தேதி... ஒரு நோட்டுல எழுதுங்க. வாங்குறதா இருந்தா ரசீது கேளுங்க. விக்கிறவர் எங்க கிடைச்சதுன்னு சொல்ல மறுத்தா வாங்காதீங்க.

காசே வாங்காமலும் பழகலாம். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துல ரோமக் காசுகள் இருக்கு. கரூர் அரசு அருங்காட்சியகம் நமக்கு இன்னும் பக்கம், காலையில பஸ் ஏறினா சாயங்காலம் வீட்டுக்கு வந்துடலாம். போறப்போ ஒரு பூதக்கண்ணாடி எடுத்துட்டுப் போங்க. பார்த்ததை எங்களுக்கும் எழுதுங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.