வளரும் பிள்ளைகளும் நம் வீட்டு ஆசாரமும்
(ஜோகுபாளையத்தில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மத நெறிகளும் இளம் பிராயத்தினரின் ஆளுமை வளர்ச்சியும் என்று எனக்குத் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். நான் பௌதிகம் படித்து, சர்க்கார் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன், உபன்யாசகன் அல்ல. ஆகவே ஒரு விஞ்ஞானியின் பிள்ளைப் பிராயத்தையே எடுத்துக்கொள்கிறேன். இதே பெங்களூரில் 'நந்தி' ஹோவர்கிராப்டை வடிவமைத்தவர், 2002 முதல் 2007 வரை நம் ஜனாதிபதியாக இருந்தவர், அப்துல் கலாம் அவர்கள்.

1931-ல் ராமேஸ்வரத்தில் பிறந்தவர். தகப்பனார் தொழுகை தவறாதவர். கோயில் தலைமைக் குருக்கள் பக்ஷி லக்ஷ்மண சாஸ்திரிகள் அவருடைய நெருங்கிய சிநேகிதர். சீதாராம கல்யாண உற்சவத்திற்குப் படகு ஏற்பாடு செய்தது கலாம் குடும்பம். தாயாரும் பாட்டியும் ராமாயணமும் சொன்னார்கள், நபிகளின் சரித்திரமும் சொன்னார்கள்.

ஐந்தாம் வகுப்பில் முன்பெஞ்சில் சாஸ்திரிகளின் பிள்ளை ராமநாதனும் கலாமும் பக்கத்தில் பக்கத்தில். ஒருவருக்குப் பூணூல், ஒருவருக்குக் குல்லாய். புதிதாக வந்த வாத்தியாருக்கு அது பொறுக்கவில்லை. கலாமைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பிவிட்டார். ராமநாதன் கண் கலங்கினான். செய்தி தெரிந்ததும் சாஸ்திரிகள் வாத்தியாரைக் கூப்பிட்டனுப்பி, குழந்தைகள் மனதில் விஷத்தை விதைக்காதே, மன்னிப்புக் கேள், இல்லையேல் ஊரை விட்டுப் போ என்று கண்டித்தார். நித்தியம் ஸ்வாமிக்குப் பூஜை செய்தவர் அப்படிச் சொன்னார் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

இன்னொன்று. விஞ்ஞான ஆசிரியர் சிவசுப்ரமணிய ஐயர் கலாமை வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார். மாமி மிகுந்த ஆசாரம். சமையலறையில் பரிமாற மறுத்துவிட்டார். ஐயர் கோபிக்கவில்லை; தாமே பரிமாறி, பையன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். மாமி கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். மறுவாரமும் அழைப்பு. இந்த முறை மாமியே பையனை உள்ளே அழைத்துப்போய்த் தம் கையால் பரிமாறினார். 1999-ல் வெளிவந்த சுயசரிதையில் கலாம் இதையெல்லாம் எழுதியிருக்கிறார். நடுவில் அந்த ஒரு வாரம் அந்த வீட்டில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

இதெல்லாம் பத்து வயதுவாக்கில் நடந்தது. நாமோ, பிள்ளைக்குப் பதினைந்து வயதாகி எதிர்த்துப் பேச ஆரம்பித்த பிறகுதான் வாத்தியாரைத் தேடுகிறோம்.

விஞ்ஞானம் படித்தவன் என்ற முறையில் ஒரு வேண்டுகோள். சந்தியாவந்தனம் ஏன் என்று பையன் கேட்டால், எல்லாவற்றுக்கும் விஞ்ஞானக் காரணம் கற்பித்துச் சொல்லாதீர்கள். பி.யூ.சி. படிக்கிறவன் கண்டுபிடித்துவிடுவான், அப்புறம் நாம் சொல்லும் உண்மையையும் நம்பமாட்டான். ஒரு நாளில் பத்து நிமிஷம் கைபேசி இல்லாமல், தன்னை விடப் பெரிய ஒன்றின் முன் நிற்கிறாய் என்று சொன்னால் போதும். அதைச் சொல்பவர் தாமும் செய்ய வேண்டும், அதுதான் கஷ்டம்.

ஞாயிறு காலை வகுப்புக்குப் பிள்ளைகளை வாசலில் இறக்கிவிட்டுப் போகாமல், அப்பாக்களும் உள்ளே வந்து உட்காருங்கள். நாற்காலி போதாவிட்டால் ஜமுக்காளம் இருக்கிறது.