மேடைக்கு அழைத்தவர்களைப் பந்திக்கும் அழையுங்கள்

தை மாதம் வரவேற்பு வைக்கப்போகிறவர்கள் இரண்டு மூன்று பேர் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருப்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நம்ம கூடலூரில் வரவேற்பு என்றால் முன்பெல்லாம் ஆர்கெஸ்ட்ரா. பிறகு குமுளி மலை இறங்கி, லோயர் கேம்ப் வழியாகச் செண்டை மேளம் வந்தது. இப்போது பறை கேட்கிறார்கள். சினிமாவும் ரீல்ஸும் செய்த வேலை. நல்லதுதான். அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கொடுத்திருக்கிறார்கள். 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியபோது, சாவு வீட்டுப் பாட்டு என்று ஒதுக்கப்பட்ட கானாவை ஆயிரக்கணக்கானோர் கேட்டார்கள். அந்தப் பெயரே அயோத்திதாசரின் சாதியற்ற தமிழர் என்ற சிந்தனையிலிருந்து வந்தது.

ஆனால் வெளியூர்க் குழு ஜீன்ஸ் போட்டு வந்து அடித்தால் கலை என்கிறோம். நம் தெருக்காரர் அடித்தால் சாவு மேளம் என்கிறோம். கருவி ஒன்றுதானே?

என் தாய்மாமா ஐம்பது வருடமாக அடிக்கிறவர். இந்தப் பள்ளத்தாக்கில் அவர் போகாத எழவு வீடு குறைவு. போன வருடம்தான் முதல்முறையாக ஒரு வரவேற்புக்குக் கூப்பிட்டார்கள். ஐந்து பேர் போய் மூன்று மணி நேரம் அடித்தார்கள். வீடியோக்காரரும் டிரைவரும் பந்தியில் சாப்பிட்டார்கள். இவர்களுக்கு மட்டும் வாசலில் பொட்டலம். மாமா வாங்கவில்லை. "எழவு வீட்லயும் இப்படித்தாண்டா குடுப்பாங்க, இதுக்கு எதுக்குக் கல்யாணம்னு கூப்பிட்டாங்க?" என்றார்.

கானாடுகாத்தானில் ஒரு திருமண ஊர்வலத்தில் நாதசுரக் கலைஞர் சிவக்கொழுந்துவைத் தோள் துண்டை எடுக்கச் சொன்னார்கள். எடுக்காமல் வாசியுங்கள் என்று பக்கத்தில் நின்றவர் பட்டுக்கோட்டை அழகிரிசாமி. சுயமரியாதை இயக்க வரலாற்றில் நாம் பெருமையோடு சொல்லும் நிகழ்ச்சி. வாசிப்பு வேண்டும், வாசிக்கிறவனின் துண்டு வேண்டாம் என்றார்கள் அன்று. அமெரிக்காவிலும் கறுப்பர்களின் இசையைக் கேட்க வெள்ளையர் கூடிய அரங்குகளில் கறுப்பர் உட்கார முடியாத காலம் இருந்தது.

பறையைத் தொடவே கூடாது என்று சொல்கிற தோழர்களும் இங்கே இருக்கிறார்கள். அவர்கள் கோபம் நியாயமானது. அடிக்க மறுத்ததற்காக அடிவாங்கிய ஊர்கள் உண்டு. என் நிலை வேறு: விருப்பப்பட்டு, பேசிய சம்பளத்துக்கு, மேடையில் அடிக்கட்டும். எழவுக்கு வரமாட்டேன் என்று சொல்லும் உரிமையும் அவர் கையில் இருக்கட்டும்.

நம் வீட்டுக் கல்யாணத்துக்கும் இதைச் சொல்கிறேன். ஊர்த்தெரு வழியாக மேளத்தோடு போகப் பயப்பட வேண்டியதில்லை. பட்டியல் சாதியினரின் திருமண ஊர்வலத்தைத் தடுப்பது, 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் தெளிவாக எழுதப்பட்ட குற்றம்.

குழு பேசும்போது பேரம் மட்டும் பேசாதீர்கள். ஆர்கெஸ்ட்ராவுக்குக் கொடுப்பது போல முன்பணம், வண்டி வாடகை, உடைமாற்ற ஓர் அறை. முதல் பந்தியிலேயே இலை. அழைப்பிதழில் 'பறையிசை' என்று போட்டு ஆசானின் பெயர். இன்னொன்றும் உண்டு: தோல் பறை ஈரக்காற்றில் தொய்ந்துவிடும், தீயில் காய்ச்சினால்தான் பேசும். மண்டபத்துக்காரர்கள் தீ மூட்ட விடுவதில்லை, கடைசி நேரத்தில் பைபர் பறையோடு ஒப்பேற்றச் சொல்கிறார்கள். மண்டபம் பிடிக்கும் அன்றே பின்பக்கம் ஓர் இடம் கேட்டு வாங்கிவிடுங்கள். கொஞ்சம் வைக்கோலும் வேண்டும்.

நம்ம தெருவிலேயே நன்றாக அடிப்பவர்கள் இருக்கிறார்கள். தை முகூர்த்தங்களுக்கு இப்போதே போய்ப் பேசுங்கள். நேரில் போங்கள், ஆள் அனுப்பாதீர்கள்.